இயற்கணிதத்தின் சுவடு

கூட்டவும், எண்ணால் பெருக்கி நீட்டவும் சுருக்கவும் முடிகிற பொருள்களின் தொகுதி திசையன் வெளி எனப்படும். அந்தப் பொருள்களையே ஒன்றோடொன்று பெருக்கவும் ஒரு விதி அமைந்து, அது கூட்டலோடு பங்கீட்டு விதிப்படி ஒத்துப்போனால் அந்த வெளி ஓர் இயற்கணிதம் ஆகிறது. பள்ளிப் பாடத்தின் பெயரே இந்தக் கட்டமைப்புக்கும் வழங்குகிறது. கலப்பெண்கள் மெய்யெண்களின் மீது இரண்டு பரிமாணமுள்ள இயற்கணிதம். 2×2 அணிகளுக்கு நான்கு பரிமாணம். 1843 அக்டோபர் 16 அன்று ஹாமில்டன் கண்ட குவாட்டர்னியன்களுக்கும் நான்குதான். இந்தக் கட்டுரையில் வரும் இயற்கணிதங்கள் எல்லாம் முடிவுறு பரிமாணம் உள்ளவை, சேர்ப்பு விதிக்கு உட்பட்டவை, 1 என்ற அலகு உறுப்பைக் கொண்டவை.

ஒரு வெளியின் இரண்டு உறுப்புகளை வாங்கிக்கொண்டு ஓர் எண்ணைத் தரும் விதி, ஒவ்வோர் உறுப்பிலும் தனித்தனியே நேரியலாக இருந்தால், அது இருநேரியல் வடிவம். திசையன்களின் புள்ளிப் பெருக்கல் இதற்குப் பழகிய உதாரணம். க, ச என்ற உறுப்புகளுக்கு அது தரும் எண்ணை ⟨க, ச⟩ என்று எழுதலாம். வெறும் திசையன் வெளியில் இத்தகைய வடிவங்கள் கணக்கற்றவை. ந பரிமாணம் என்றால் எந்த ந×ந அட்டவணையும் ஒரு வடிவத்தைத் தரும், ஒன்றைவிட மற்றொன்றை விரும்பக் காரணம் கிடையாது. பெருக்கல் என்ற ஒன்று வந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. வடிவமும் பெருக்கலும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும் என்று கேட்பது இயல்பு. அந்தக் கோரிக்கை இதுதான்: ⟨கச, ட⟩ = ⟨க, சட⟩. நடுவில் நிற்கும் ச எந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டாலும் விடை மாறக்கூடாது.

இந்த ஒரு வரி விதிக்கிற கட்டுப்பாடு பெரிது. க இருக்கும் இடத்தில் 1 என்று போட்டால் ⟨ச, ட⟩ = ⟨1, சட⟩ என்று வருகிறது. அதாவது ச, ட என்ற இரண்டும் தனித்தனியே என்னவாக இருந்தாலும் சரி, அவற்றின் பெருக்கற்பலன் மட்டுமே விடையைத் தீர்மானிக்கிறது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எண்ணைத் தரும் நேரியல் சார்பு ஒன்றை, த என்பதை, த(ட) = ⟨1, ட⟩ என வரையறுத்தால் வடிவம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்: ⟨ச, ட⟩ = த(சட). முன்பு ந² எண்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இப்போது ந எண்கள் போதும்.

ஏதோ ஓர் உறுப்பு, தான் பூச்சியமாக இல்லாமலேயே, எல்லா உறுப்புகளோடும் பூச்சியத்தைத் தந்தால் வடிவம் சிதைந்தது என்பர். அப்படி ஓர் உறுப்பும் இல்லையென்றால் சிதைவற்றது. இதைச் சோதிக்க ஒரு நேரடி வழி உண்டு. வெளியின் அடுக்களத்தை, அதாவது மற்ற உறுப்புகளையெல்லாம் கட்டியெழுப்பப் போதுமான அடிப்படை உறுப்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் இணைக்கும் வடிவம் தரும் எண்ணை அட்டவணையாக எழுத வேண்டும். அந்த அட்டவணை கிராம் அணி. அதன் அணிக்கோவை பூச்சியம் என்றால், அப்போது மட்டுமே, வடிவம் சிதைந்தது.

வெறும் வெளியில் சிதைவு என்பது தற்செயல். இயற்கணிதத்தில் அப்படியில்லை. ⟨க, ச⟩ எல்லா ச-வுக்கும் பூச்சியம் என்றால், க-வை வலப்புறம் எதனால் பெருக்கினாலும் வரும் உறுப்புக்கும் அதே குணம் இருக்கும். ஆகவே வடிவத்தின் கண்ணுக்குத் தப்புகிற உறுப்புகள் சேர்ந்து ஒரு வலச் சீர்மம் ஆகின்றன. சீர்மம் என்பது பெருக்கலால் வெளியே தள்ள முடியாத உள்வெளி. த எங்கெல்லாம் பூச்சியமாகிறதோ அந்த இடத்துக்கு ந−1 பரிமாணம் உண்டு. கிட்டத்தட்ட முழு வெளியையும் நிரப்பும் அந்தப் பரப்புக்குள் ஒரு சிறு வலச் சீர்மம்கூட இல்லாமலிருந்தால்தான் வடிவம் சிதைவற்றது. வடிவம் எங்கே பூச்சியமாகிறது என்ற கேள்வியே இயற்கணிதத்தின் உள்ளமைப்பைத் திறக்கும் சாவி.

மிகச் சிறிய உதாரணத்திலேயே இதைப் பார்க்கலாம். 1, ஞ என்ற இரண்டு உறுப்புகளால் ஆன இயற்கணிதத்தில் ஞ² = 0 என்று விதி. ஒவ்வோர் உறுப்பும் அ + ஆஞ என்ற உருவில் இருக்கும். த என்பது அ-வை எடுத்துத் தரும் சார்பு என்றால், ஞ-வை எதனால் பெருக்கினாலும் ஞ-வின் மடங்கே வரும், அதற்கு த-வின் மதிப்பு பூச்சியம். வடிவம் சிதைகிறது. மாறாக, த என்பது ஆ-வை எடுத்துத் தரும் சார்பு என்றால் கிராம் அணியின் நிரைகள் (0, 1), (1, 0), அணிக்கோவை −1, வடிவம் சிதைவற்றது. ஒரே இயற்கணிதத்தில் ஒரு சார்பு தோற்கிறது, இன்னொன்று வெல்கிறது.

எந்தச் சார்பாலும் வெல்ல முடியாத இயற்கணிதங்களும் உண்டு. கீழ் இடது மூலையில் பூச்சியம் கொண்ட 2×2 அணிகளை, அதாவது மேல் முக்கோண அணிகளை எடுத்துக்கொள்வோம். இவற்றுள் முதல் நிரல் முழுவதும் பூச்சியமாக உள்ளவை இரண்டு பரிமாணமுள்ள ஒரு தளம். அந்தத் தளத்தில் உள்ள எந்த அணியையும் வலப்புறம் மேல் முக்கோண அணி ஒன்றால் பெருக்கினால், பழைய அணியின் மடங்குதான் கிடைக்கும். ஆகவே தளத்திலுள்ள ஒவ்வொரு கோடும் ஒரு வலச் சீர்மம். த எதுவாக இருந்தாலும், இரண்டு பரிமாணத் தளத்தில் அது பூச்சியமாகும் கோடு ஒன்று கட்டாயம் இருக்கும். அந்தக் கோடு ஒரு சீர்மம் என்பதால் வடிவம் சிதைந்தே தீரும். தப்பிக்க வழியே இல்லை.

சிதைவற்ற வடிவம் ஒன்றையாவது தாங்கும் இயற்கணிதங்களை ஃபுரோபீனியஸ் இயற்கணிதங்கள் என்கிறார்கள். ஃபெர்டினாண்ட் ஃபுரோபீனியஸ் 1903இல் இவற்றை வேறு வாசல் வழியாக அணுகினார்; இடப்புறப் பெருக்கலும் வலப்புறப் பெருக்கலும் தரும் இரண்டு அணி உருவகங்கள் எப்போது சமானமாகும் என்பது அவர் கேள்வி. 1937இல் ரிச்சர்டு பிரவரும் செசில் நெஸ்பிட்டும் அவர் பெயரை இவற்றுக்குச் சூட்டினர். 1939, 1941 ஆண்டுகளில் தடாசி நாகயாமா எழுதிய இரண்டு கட்டுரைகள் இந்தத் துறைக்கு முழு உருவம் தந்தன. வடிவம் சமச்சீராக, அதாவது ⟨க, ச⟩ = ⟨ச, க⟩ என்று இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை அவர் கவனத்தில் எடுத்தார். கச = −சக, க² = ச² = 0 என்ற விதிகளுள்ள நான்கு பரிமாண இயற்கணிதத்தில், கச-வின் கெழுவை எடுத்துத் தரும் சார்பு ⟨க, ச⟩-வுக்கு 1-ஐயும் ⟨ச, க⟩-வுக்கு −1-ஐயும் தருகிறது. இட வலம் மாறும்போது நேரும் இந்தப் பிறழ்வை அளப்பது இன்று நாகயாமா தன்னுருமாற்றம் என்று அழைக்கப்படுகிறது.

யாரும் தேர்ந்தெடுக்காமலே எல்லா இயற்கணிதங்களிலும் தானாகக் கிடைக்கும் சார்பு ஒன்று உண்டு. ஓர் உறுப்பால் இடப்புறம் பெருக்குவது என்பது வெளியின் ஒரு நேரியல் உருமாற்றம்; அதை அணியாக எழுதி, மூலைவிட்டத்தில் உள்ள எண்களைக் கூட்டினால் வருவது அந்த உறுப்பின் சுவடு. இதிலிருந்து பிறக்கும் வடிவம் சுவடு வடிவம். மேலே சொன்ன அ + ஆஞ-வின் சுவடு 2அ. ஆகவே அங்கே சுவடு வடிவம் சிதைந்தது, அது காணத் தவறும் உறுப்பு ஞ. குவாட்டர்னியன்களில் சுவடு வடிவத்தின் கிராம் அணி மூலைவிட்டத்தில் 4, −4, −4, −4 என்று வரும். ஒன்றுக்கு ஒரு குறி, மூன்றுக்கு எதிர்க்குறி என்ற இதே அமைப்புதான் சிறப்புச் சார்பியலின் கால-வெளி அளவையிலும் இருக்கிறது.

ஓர் உறுப்பைத் திரும்பத் திரும்பத் தன்னாலேயே பெருக்கினால் கடைசியில் பூச்சியமாகிவிடும் என்றால், அதன் சுவடும் பூச்சியமே. மெய்யெண்கள், கலப்பெண்கள் போன்ற களங்களின் மீது இதன் மறுதலையும் ஏறக்குறைய உண்மை: ஓர் உறுப்பின் எல்லா அடுக்குகளின் சுவடும் பூச்சியம் என்றால் அந்த உறுப்பு ஏதோ ஓர் அடுக்கில் மறைந்துபோகும். ஆகவே அங்கே சுவடு வடிவம் சிதையும் இடம், இயற்கணிதத்துக்குள் ஒளிந்திருக்கும் மறையும் உறுப்புகளாலான மிகப் பெரிய சீர்மமேதான். அது இல்லையென்றால், கலப்பெண்களின் மீது உள்ள இயற்கணிதம் அணி இயற்கணிதங்களாகச் சுத்தமாகப் பிரிந்துவிடும். ஓர் அணிக்கோவையைக் கணக்கிட்டே இதைக் கண்டுபிடிக்கலாம் என்பது சாதாரண விஷயமில்லை.

எண்கோட்பாட்டில் இதே அணிக்கோவைக்குத் தன்மைகாட்டி என்று பெயர். பொன் விகிதமான (1+√5)/2-ஐ பொ என்று குறித்தால் பொ² = பொ + 1. 1, பொ என்ற அடுக்களத்தில் சுவடு வடிவத்தின் நிரைகள் (2, 1), (1, 3). அணிக்கோவை 5. இனி எண்களை 5-ஆல் வகுத்த மீதிகளாக மட்டும் பார்த்தால் அந்த அணிக்கோவை பூச்சியம், ஆகவே வடிவம் சிதைய வேண்டும், மறையும் உறுப்பு ஒன்று இருக்க வேண்டும். இருக்கிறது: பொ − 3-ஐத் தன்னால் பெருக்கினால் −5பொ + 10 வருகிறது, 5-ஆல் வகுத்த மீதியில் அது பூச்சியம். வேறு எந்தப் பகா எண்ணுக்கும் இந்த இயற்கணிதத்தில் இப்படி நேராது.

குலங்களிலும் இதே கதை. ஒரு முடிவுறு குலத்தின் உறுப்புகளை அடுக்களமாகக் கொண்ட குல இயற்கணிதத்தில், அலகு உறுப்பின் கெழுவை எடுத்துத் தரும் சார்பு எப்போதும் சிதைவற்ற வடிவத்தைத் தரும். ஒவ்வோர் உறுப்பும் தன் நேர்மாறோடு மட்டுமே 1-ஐத் தருகிறது. சுவடோ அதே கெழுவைக் குலத்தின் உறுப்பு எண்ணிக்கையால் பெருக்கித் தருகிறது. எண்ணிக்கை பூச்சியமாகிவிடும் களங்களில் சுவடு வடிவம் முழுவதுமே அழிந்துபோகிறது. 2 = 0 என்ற களத்தில் இரண்டு உறுப்புள்ள குலத்துக்கு (1 + கு)² = 2 + 2கு = 0. குல இயற்கணிதத்தில் மறையும் உறுப்புகளின் சீர்மம் எப்போது இருக்காது என்று சொல்லும் மாஷ்கே தேற்றத்தின் எல்லைக்கோடு இதுதான்.

சென்னையில் இந்த விஷயத்துக்கு இரண்டு தனித்தனி வரலாறுகள் உண்டு. அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தம் வீடான ஏகாம்ர நிவாஸில் நடத்திவந்த கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கிலிருந்து வளர்ந்து, 1962 சனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் தொடங்கியது. சுப்ரமணியன் சந்திரசேகர் தொடங்கிவைத்தார். தரமணியில் இன்று இருப்பது அந்த நிறுவனமே. ராமகிருஷ்ணன் அறுபதுகளின் பிற்பகுதியில் டிராக் அணிகளைப் பொதுமைப்படுத்தும் எல்-அணிக் கோட்பாட்டை உருவாக்கி, 1972இல் அதை நூலாக வெளியிட்டார். டிராக் அணிகளின் இலக்கணம் என்பது நூலின் துணைத் தலைப்பு. இங்கே வடிவமும் இயற்கணிதமும் இடம் மாறி நிற்கின்றன. வடிவம் முதலில் வருகிறது. பல எண்களின் வர்க்கங்களைக் கூட்டி வரும் இருபடி வடிவத்தை ஒரே அணியின் வர்க்கமாக எழுத வேண்டும் என்ற தேவையிலிருந்து, டிராக் அணிகள் போல ஒன்றோடொன்று குறிமாறிப் பெருகும் அணிகள் பிறக்கின்றன. 2×2 அளவில் அப்படி மூன்று கிடைக்கும், 4×4 அளவில் ஐந்து. அளவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு கூடும். 4×4 அளவில் நான்கை எடுத்துக்கொண்டு எல்லா விதமாகவும் பெருக்கினால் 16 அணிகள் வரும். இவை ஒன்றையொன்று சாராதவை என்பதை நிறுவுவது சுவடுதான்: அலகு அணியைத் தவிர மற்றவை அனைத்தின் சுவடும் பூச்சியம், எனவே சுவடு வடிவத்தில் ஒவ்வொன்றும் தன்னோடு மட்டுமே பூச்சியமற்ற எண்ணைத் தரும். 16 சாராத அணிகள் 4×4 அணிகளின் வெளியை முழுவதும் நிரப்பிவிடுகின்றன.

இரண்டாவது வரலாறு கணிதவியலர் வாகன் ஜோன்ஸோடு தொடர்புடையது. அதன் மையத்தில் இருப்பது 1971இல் நெவில் டெம்பர்லியும் எலியட் லீபும் புள்ளியியல் இயற்பியலில் கண்ட ஓர் இயற்கணிதம். அதைப் படமாகவே வரையலாம். ஒரு செவ்வகத்தின் மேல் விளிம்பில் ந புள்ளிகள், கீழ் விளிம்பில் ந புள்ளிகள். இந்த 2ந புள்ளிகளையும் ஒன்றையொன்று வெட்டாத இழைகளால் இரண்டிரண்டாக இணைக்க வேண்டும். ந = 2, 3, 4 எனும்போது முறையே 2, 5, 14 படங்கள் கிடைக்கும். இவையே அடுக்களம். ஒரு படத்தின் கீழ் இன்னொன்றை வைத்து இழைகளைத் தொடுப்பது பெருக்கல்; நடுவில் மூடிய வளையம் உண்டானால் அதை நீக்கிவிட்டு வ என்ற எண்ணால் பெருக்க வேண்டும். த என்ற சார்புக்கு, படத்தின் மேல் புள்ளிகளைச் சுற்றிவந்து கீழ்ப் புள்ளிகளோடு இணைத்து, கிடைக்கும் வளையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வ என்று பெருக்கிக்கொள்வது விதி. ஒரு படத்தைத் தலைகீழாகப் பிரதிபலித்து மற்றதோடு பெருக்கிய பின் த-வை எடுத்தால் வருவது இந்த இயற்கணிதத்துக்கு உரிய வடிவம்.

ந = 2 என்றால் இரண்டு படங்கள்: நேராக இறங்கும் இரண்டு இழைகள் ஒன்று, மேலே ஒரு வளைவும் கீழே ஒரு வளைவும் கொண்டது மற்றொன்று. கிராம் அணியின் நிரைகள் (வ², வ), (வ, வ²). அணிக்கோவை வ²(வ² − 1). ந = 3 என்றால் ஐந்துக்கு ஐந்து அணி; அணிக்கோவை வ⁵(வ² − 1)⁴(வ² − 2). ந = 4 என்றால் பதினான்குக்குப் பதினான்கு; அதில் வ⁴ − 3வ² + 1 என்ற புதிய காரணி ஒன்று சேர்கிறது, அது பூச்சியமாகும் இடங்களில் மிகப் பெரியது பொன் விகிதம். புதிதாக வரும் காரணிகளின் மிகப் பெரிய மூலங்கள் 1, √2, பொன் விகிதம் என்று வளர்கின்றன. கோணங்களாகச் சொன்னால் 60°, 45°, 36° ஆகியவற்றின் கொசைன்களின் இருமடங்கு. வரிசை இப்படியே 180°-யின் பங்குகளாகத் தொடர்ந்து 2-ஐ நெருங்குகிறது.

ஓர் இயற்கணிதத்துக்குள் இன்னொன்று எத்தனை மடங்கு அடங்கலாம் என்பது ஜோன்ஸ் கேட்ட கேள்வி; அதற்கு இந்த வடிவம் எந்த ந-விலும் எதிர் எண்ணைத் தரக்கூடாது. எந்த உறுப்பும் தன்னோடு சேர்ந்து தரும் எண் பூச்சியமாகலாம், அதற்குக் கீழே போகக்கூடாது. வ என்பது 1-க்கும் √2-க்கும் இடையில் இருந்தால் ந = 3-இன் அணிக்கோவை எதிர்க்குறி பெறுகிறது. √2-க்கும் பொன் விகிதத்துக்கும் இடையில் இருந்தால் ந = 4-இல் அதே நிலை. ஒவ்வோர் இடைவெளியையும் ஏதோ ஓர் அணிக்கோவை அடைத்துவிடுகிறது. தப்புவது அணிக்கோவை பூச்சியமாகும் அந்தத் தனிப் புள்ளிகளும், 2-இல் தொடங்கி மேலே போகும் எல்லா எண்களும் மட்டுமே. 1983இல் ஜோன்ஸ் வெளியிட்ட தேற்றம் இதுதான்: முடிவிலாப் பரிமாணமுள்ள ஃபான் நாய்மன் இயற்கணிதங்களின் ஒரு வகையில், ஒன்றுக்குள் ஒன்று எத்தனை மடங்கு அடங்கும் என்பதை அளக்கும் குறியீட்டெண், அதாவது வ², நான்குக்குக் கீழே 1, 2, 2.618…, 3, 3.247… என்று துண்டுதுண்டாகவும், நான்கிலிருந்து தொடர்ச்சியாகவும் மட்டுமே அமையும். முடிவிலியைப் பற்றிய தேற்றத்தின் விடை, படங்களாலான சிறு முடிவுறு அணிகளின் அணிக்கோவைகளில் எழுதப்பட்டிருந்தது வியப்பூட்டுவது. அந்தத் தனிப் புள்ளிகளில் வடிவம் சிதைகிறது. சிதைவின் சீர்மத்தை நீக்கிவிட்டு மிஞ்சும் இயற்கணிதம் அணி இயற்கணிதங்களாகப் பிரிகிறது. இதே சுவட்டிலிருந்துதான் அடுத்த ஆண்டு முடிச்சுகளுக்கான ஜோன்ஸ் பல்லுறுப்புக்கோவை வந்தது. 1990இல் கியோட்டோவில் அவருக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது.

சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் இந்தத் துறையை வேரூன்றச் செய்தவர் வி. எஸ். சுந்தர், 1996இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது பெற்றவர். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அந்த ஃபான் நாய்மன் இயற்கணிதங்களை, அதாவது துணைக்காரணிகளைப் பற்றி ஜோன்ஸும் அவரும் சேர்ந்து எழுதிய அறிமுக நூல் 1997இல் கேம்பிரிட்ஜ் வெளியீடாக வந்தது. பரிமாற்று இயற்கணிதத்தில் பயிற்சி பெற்ற விஜய் கொடியாலம் அவரோடு இணைந்தது இயல்பான பொருத்தம். சிதைவற்ற வடிவமுள்ள பரிமாற்று இயற்கணிதங்கள், அதாவது கச = சக என்று அமைபவை, அந்தத் துறையின் மையப் பொருள்களில் ஒன்று. 2001இல் இருவரும் துணைக்காரணிகளிலிருந்து முப்பரிமாண இடவியல் குவாண்டம் புலக் கோட்பாடுகளைக் கட்டும் முறையை நூலாக்கினர். அதற்கு ஒரு படி கீழே உள்ள இருபரிமாணக் கோட்பாட்டில் வடிவத்தின் பங்கு கண்கூடு. வட்டத்துக்கு ஓர் இயற்கணிதம் ஒதுக்கப்படுகிறது. இரண்டு வட்டங்கள் ஒன்றாகச் சேரும் குழாய்ப் பரப்பு பெருக்கல். ஒரு வட்டத்தை மூடும் தட்டு த. இரண்டு முனைகளும் ஒரே பக்கம் பார்க்கும்படி வளைத்த குழாய் ⟨க, ச⟩. அந்த வளைவை எதிர் வளைவு ஒன்றால் நிமிர்த்தி நேர்க் குழாயாக்கலாம் என்ற இடவியல் உண்மை, வடிவம் சிதைவற்றது என்ற இயற்கணித உண்மையாக மாறுகிறது. ஆகவே இருபரிமாணக் கோட்பாடுகளும் பரிமாற்று ஃபுரோபீனியஸ் இயற்கணிதங்களும் ஒன்றே.

டெம்பர்லி-லீப் படங்களை ஜோன்ஸ் தொண்ணூறுகளின் இறுதியில் தள இயற்கணிதங்கள் என்ற பெரிய கட்டமைப்பாக விரித்தார். 2003இல் கொடியாலம், சீஃப் லாண்டாவ், சுந்தர் மூவரும் முடிவுறு பரிமாணக் காட்ஸ் இயற்கணிதம் ஒவ்வொன்றுக்கும் உரிய தள இயற்கணிதத்தை ஆக்கிகளாலும் தொடர்புகளாலும் எழுதிக் காட்டினர். காட்ஸ் இயற்கணிதம் முடிவுறு குலத்தின் பொதுமையாக்கம். அதன் படங்களில் வளையம் ஒன்றின் மதிப்பு, பரிமாணத்தின் வர்க்கமூலம். பின்னர் 2006இல் கொடியாலமும் சுந்தரும் அதை, காட்ஸ் இயற்கணிதங்களைப் பொதுமைப்படுத்தும் ஹாஃப் இயற்கணிதங்களுக்கு, வேறு களங்களின் மீதும் நீட்டினர். ஹாஃப் இயற்கணிதத்தின் மீதுள்ள நேரியல் சார்புகளே சேர்ந்து இன்னொரு இயற்கணிதமாகின்றன. முடிவுறு பரிமாணமுள்ள ஒவ்வொரு ஹாஃப் இயற்கணிதமும் ஏதாவது ஒரு சிதைவற்ற வடிவத்தைத் தாங்கும் என்று லார்சனும் ஸ்வீட்லரும் 1969இலேயே நிறுவியிருந்தனர். குல இயற்கணிதத்தில் அலகின் கெழு செய்த வேலையை அங்கே தொகையம் என்னும் சார்பு செய்கிறது. சென்னையின் கட்டுமானத்துக்கு அது மட்டும் போதவில்லை. மூல இயற்கணிதம், அதன் சார்புகளின் இயற்கணிதம் ஆகிய இரண்டிலும் இயல்பாகக் கிடைக்கும் சுவடு வடிவமே சிதைவற்றிருக்க வேண்டும். குல இயற்கணிதத்துக்கு இது, குலத்தின் எண்ணிக்கை களத்தில் பூச்சியமாகக் கூடாது என்ற மாஷ்கே நிபந்தனையாகிறது.